சத்தமில்லாத வண்டியும் சட்டை போட்ட வாத்தும்

மாலை வெயில் தணிந்ததும் ஹெரான் க்ரீக் குடியிருப்பை ஒருமுறை சுற்றி வருவது டெல்பர்ட் க்ரான்ட்ஸின் வழக்கம். அதைப் பொழுதுபோக்கு என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒஹையோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று துருவிப் பார்ப்பதையே ஆயுள் முழுவதும் உத்தியோகமாகச் செய்தவர் அவர். எரிந்துபோன கொட்டகையின் சாம்பலைக் கிளறி, தீப்பிடிப்பதற்கு முன்பே சாமான்கள் வெளியேறிவிட்டன என்று கண்டுபிடித்த மனிதர். ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை. எந்த வீட்டுக் குப்பைத்தொட்டி குப்பை எடுக்கும் நாளுக்கு முன்பே தெருவுக்கு வந்திருக்கிறது, யார் வாசலில் முன்பின் தெரியாத கார் நிற்கிறது, மழை பெய்த அன்றும் எவர் புல்தரைக்குத் தண்ணீர் பாய்கிறது, எல்லாவற்றையும் கவனித்துத் தமக்குத்தாமே தலையசைத்துக்கொள்வார். கடைசியில் ஏரிக்கரைப் பந்தலில் நண்பர்களோடு உட்கார்ந்து ஐஸ் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்புவார்.

இந்தச் சுற்று முழுவதும் கோல்ஃப் வண்டியில்தான். பழைய வண்டி பெட்ரோலில் ஓடியது. அது அடுத்த தெருவில் திரும்பும்போதே நாய்கள் குரைக்கத் தொடங்கிவிடும். சாலட் கிண்ணத்தில் கரண்டி அதிரும் என்று கேலி பேசுவார்கள். கோடை முடிகிற சமயத்தில் அது ஒருவழியாக உயிரை விட்டது. டெல்பர்ட் மின்சாரத்தில் ஓடும் புது வண்டி வாங்கினார். கருநீல நிறம், மெத்தென்ற இருக்கை, பாட்டுக் கேட்க வானொலி. மிதியை அழுத்தினால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நழுவியது. சத்தம் என்பது மருந்துக்கும் இல்லை.

அந்த வண்டி அவருக்கு ஆடம்பரமன்று. கண்ணில் நீரழுத்தம் கூடி, பக்கவாட்டுப் பார்வையைச் சிறுகச் சிறுகத் தின்றுவிட்டது. நேரே இருப்பது பளிச்சென்று தெரியும்; ஓரத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம். கார் ஓட்டும் உரிமத்தை அரசு புதுப்பிக்க மறுத்துவிட்டது. கோல்ஃப் வண்டிக்கு உரிமம் தேவையில்லை. மருந்துக்கடை, தேவாலயம், மளிகை, மனைவியின் கல்லறை, எல்லாவற்றுக்கும் அதுதான் கால். அதுவும் போனால் க்ளீவ்லாண்டில் இருக்கும் மகளின் மாடியறைக்கும் அந்த ஊர்ப் பனிக்கும் திரும்ப வேண்டியதுதான். மகள் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அந்த அறையைப் பற்றி அன்பாகப் பேசினாள். டெல்பர்ட் அந்த அன்புக்கு அஞ்சினார்.

புது வண்டி வந்த சில நாட்களிலேயே ஊர் மாறிவிட்டதாக அவருக்குப் பட்டது.

பந்தலுக்கு அவர் போய் நின்றபோது, சீட்டாட்டத் தோழர் யூஜீன் டிபெட்ஸ் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். டெல்பர்ட்டின் நிழல் மேசையில் விழுந்ததும் கை அந்தரத்தில் நின்றது.

"அட, நீயா! எப்பய்யா வந்த?"

"இப்பதான். என்ன பேச்சு ஓடுது?"

"ஒண்ணுமில்ல. வெயிலைப் பத்தி."

"வெயிலைப் பத்திப் பேச இவ்வளவு கையாட்டலா?"

"ஃப்ளோரிடா வெயிலுக்குக் கையும் ஆடும், காலும் ஆடும். உக்காருய்யா, சீட்டைப் போடு."

மறுநாள் அஞ்சல் பெட்டிகளருகே இரண்டு பேர் அவரைக் கண்டதும் பேச்சை முறித்துக்கொண்டு, வானத்தில் மேகம் தேடினார்கள். தேவாலய வாசலிலும் அதே கதை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் யாரும் அவரைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியதாக அவருக்கு நினைவில்லை. இத்தனை வாய்கள் ஒரே சமயத்தில் மூடுமானால் அவற்றை ஒருவர் பூட்டியிருக்க வேண்டும் என்று அவருடைய பழைய உத்தியோகம் அவருக்குச் சொன்னது.

யார் அந்த ஒருவர் என்பது பிக்கிள்பால் என்ற மட்டைப்பந்து ஆடும் மைதானத்தின் செடிவேலிக்கு இப்பால் அவர் வண்டி ஊர்ந்தபோது தெரிந்தது. அப்பால் இரண்டு பெண்கள் மட்டைகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மார்லீன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்டி. நாளைக்கே அந்த மனுஷன் வண்டியப் பிடுங்கிடுவாங்க."

"சொல்லித்தான் ஆகணும். இப்படியே எத்தனை நாளைக்கு?"

டெல்பர்ட் நிற்காமல் கடந்தார். நெஞ்சு மட்டும் பழைய வண்டியைப்போல் தடதடத்தது.

மார்லீன் ஆஸ்குட் எதிர்வீட்டுக்காரி. இந்தியானாவிலிருந்து வந்த விதவை. நாக்கில் மிளகாய் தடவியவள். புது வண்டியைப் பார்த்த அன்றே, "நல்லாத்தான் இருக்கு. ஆனா வர்றதே தெரியல, திருடன் மாதிரி!" என்று சிரித்தவள். அன்று அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டவர், இன்று அதையே சாட்சியமாக எடுத்துக்கொண்டார்.

அவள் வாசலில் ஒரு சிமெண்ட் வாத்து நிற்கும். முழங்கால் உயரம். காலத்துக்கு ஏற்றபடி அதற்குச் சட்டை மாற்றுவாள்: மழைக்கு மஞ்சள் அங்கி, கிறிஸ்துமசுக்குச் சிவப்புத் தொப்பி, சுதந்திர தினத்துக்கு நட்சத்திரம் போட்ட அரைக்கச்சை. சட்டைகளை எல்லாம் தைத்தது அவளுடைய மறைந்த சகோதரி. டெல்பர்ட் அன்று மாலை அந்த வழியாக வந்தபோது மார்லீன் வாத்தின் அருகே நின்றிருந்தாள். அவள் வலக்கை மாவுக்கட்டுடன் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. வாத்தின் வலச் சிறகிலும் ஒரு கைக்குட்டைத் தூளி.

"கை என்னாச்சு?"

"குளியலறையில வழுக்கிட்டேன். வயசாச்சுல்ல."

"வாத்துக்கும் வயசாச்சா?"

"அது எனக்குத் துணைக்கு. நீங்க துணைக்கு வருவீங்களா என்ன?"

அவர் சிரிக்கவில்லை. அவள் முழங்கையிலும் கழுத்திலும் காய்ந்துவரும் கீறல்கள் நீளநீளமாக இருந்தன. குளியலறை ஓட்டில் முள் ஏது? இவள் பொய் சொல்கிறாள். பொய் சொல்கிறவளிடம் ஒரு திட்டம் இருக்கும். ஆயுள் முழுவதும் அவர் கண்ட பொய்கள் அத்தனையும் பிறரிடமிருந்து எதையோ பறிப்பதற்காகவே சொல்லப்பட்டவை. ஒருவருக்கு எதையோ விட்டுவைப்பதற்காகவும் பொய் சொல்லப்படலாம் என்ற எண்ணம் அவர் பக்கமே வரவில்லை.

அவள் முந்துவதற்குள் தாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தார். தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சிலையோ பொம்மையோ வைக்கக் கூடாது என்பது குடியிருப்பின் விதி. யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் எவரேனும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் புகார் சொல்லிவிட்டால், அவர்கள் பார்க்காமல் இருக்க முடியாது. சொல்பவர் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. டெல்பர்ட் சமையலறைச் சன்னலின் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டு எண்ணைச் சொன்னார், வாத்தைச் சொன்னார், தம்மைச் சொல்லவில்லை.

அந்த வாரமே, அலுவலகத்தின் உத்தரவுப்படி, வாத்து மறைந்தது. அது நின்ற இடத்தில் புல் வெளுத்து ஒரு வட்டம் தெரிந்தது.

தாம் சற்று நிம்மதியாவோம் என்று டெல்பர்ட் எதிர்பார்த்தார். மாறாக, அதுவரை அவரிடம் மட்டும் இருந்த சந்தேகம் தெரு முழுவதும் பரவியது. மூலை வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரை முறைத்தார். பத்து வருடமாகச் சேர்ந்து நடந்த இரண்டு பெண்கள் தனித்தனியாக நடந்தார்கள். யாராவது தொலைபேசியைக் காதில் வைத்தால் நாலு சன்னல்களில் திரை அசைந்தது. பந்தலில் யூஜீன் சீட்டை மேசைமேல் வீசினார்.

"அந்த வாத்தக் காட்டிக்கொடுத்தவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"விதின்னா விதிதான்," என்றார் டெல்பர்ட். "அதோட, அவ என்ன பெரிய புண்ணியவதியா? என் வண்டியப் பிடுங்கத் திட்டம் போடுறா. நீங்க எல்லாரும் அவளுக்கு உடந்தை. நான் வந்தா வாயை மூடிக்கிறீங்களே, எனக்குத் தெரியாதா?"

யூஜீன் சீட்டுகளை ஒதுக்கி வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே, அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லக் கூடாதுன்னு மார்லீன் சத்தியம் வாங்கியிருக்கா. போகட்டும், இன்னிக்கு சத்தியம் உடையட்டும். ஏரிக்கரைப் பாதையில அவ நடந்து போயிட்டிருந்தா. பின்னாடியே நீ வந்திருக்க. சத்தமில்ல. தோளை உரசுறப்பத்தான் வண்டியவே பார்த்திருக்கா. பயந்து ஒதுங்கி முள்ளுப்புதர்ல விழுந்தா. கை உடைஞ்சது. கத்திக் கூப்பிட்டாளாம். நீ வானொலியப் பாட விட்டுக்கிட்டு நேரா பார்த்தபடியே போயிட்ட."

டெல்பர்ட் தம் சீட்டுகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அலுவலகத்துல சொன்னா உன் வண்டி போயிடும், மக வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான்னு குளியலறைக் கதைய அவளே கட்டினா. நாங்க ஒத்துக்கல. நாளைக்கு இன்னொருத்தர் அடிபட்டா? உன்கிட்ட சொல்லித்தான் ஆகணும்னு நாங்க, கூடாதுன்னு அவ. தினமும் இதே சண்டை. உன்னோட பழைய தகர டப்பாவா இருந்தா, நீ வர்றதுக்கு ரெண்டு தெரு முன்னாடியே பேச்சை மாத்தியிருப்போம். உனக்குத் தெரிஞ்சே இருக்காது."

டெல்பர்ட் கேட்டார்: "யூஜீன், அந்தப் புகார் செஞ்சவன் உன் கையில கிடைச்சா என்ன செய்வ?"

யூஜீனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவர் எழுந்து, விடைபெறாமல் போய்விட்டார்.

சனிக்கிழமை மாலை யூஜீன் வீட்டு வாசலில் தெருக்கூட்டம். ஆளுக்கொரு மடக்கு நாற்காலியும் ஒரு பாத்திரம் பண்டமும் கொண்டுவந்து, கார் நிறுத்தும் இடத்தில் வட்டமாக உட்காருவது அங்கே வழக்கம். அந்த முறை வட்டத்தில் இடைவெளிகள் அதிகம். டெல்பர்ட் நடந்து வந்தார். நாற்காலி கொண்டுவரவில்லை.

"வாத்தைப் பத்திப் புகார் சொன்னது நான்தான்," என்றார். "வேற யாரையும் யாரும் சந்தேகப்பட வேண்டாம். மார்லீனோட கை உடைஞ்சதும் என்னாலதான். அது உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாம இருந்தது."

உருளைக்கிழங்கு சாலட்டில் ஈ உட்கார்ந்தது; விரட்ட யாருமில்லை. எல்லோரும் மார்லீனைப் பார்த்தார்கள்.

"கை உடைஞ்சது நீங்க தெரியாம செஞ்சது," என்றாள் அவள். "அதுக்காக நான் ஒரு நிமிஷம்கூடக் கோபப்படல. வாத்து நீங்க தெரிஞ்சே செஞ்சது. திரைய மூடிக்கிட்டு செஞ்சீங்க. அன்னிக்கு நான் சன்னல் பக்கமாத்தான் நின்னேன் ஐயா. பட்டப்பகல்ல எதுக்குத் திரைன்னு நினைச்சேன்."

இடக்கையாலேயே நாற்காலியை மடக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்களன்று அலுவலகம் திறந்ததும் டெல்பர்ட் உள்ளே போனார். மேலாளர் திருமதி ப்ரூயிட்டிடம் முதலில் விபத்தைச் சொன்னார். பிறகு கண்ணைச் சொன்னார். கடைசியில் வாத்தைச் சொன்னார்.

"இதைச் சொன்னா என்னாகும்னு தெரிஞ்சுதானே வந்தீங்க?" என்று கேட்டாள் அவள். "கண் டாக்டர் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் வண்டி பாதையில வரக் கூடாது."

"டாக்டர் எழுதிக் கொடுப்பாரான்னு சந்தேகம்தான். வாத்துக்கு வழி இருக்கா?"

"கண்ணுல பட்டதைப் படலன்னு எழுத முடியாது. ஆனா விதி தெருவைப் பத்தித்தான் பேசுது. வீட்டுக்குப் பின்னால, ஏரிப்பக்கம் வெச்சா நான் கேட்க மாட்டேன்."

வீட்டுக்கு நடந்து திரும்புவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டிச் சாவியைக் கொட்டகை ஆணியில் மாட்டினார். தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்; கடப்பதற்கு முன் தலையை முழுதாக இருபுறமும் திருப்பிப் பார்த்தார். மார்லீன் கதவைத் திறந்தாள். வாத்தை ஏரிப்பக்கம் வைக்க அலுவலகம் சம்மதித்ததை அவர் சொன்னார். அவள் தன் கொட்டகைப் பக்கம் தாடையால் காட்டினாள்.

வாத்து ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. எண்பதை எட்டிய இடுப்பு முனக, அவர் அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்து, வீட்டைச் சுற்றி ஏரிப்பக்கம் கொண்டுபோனார். தரையைச் சமன் செய்து நிறுத்தினார். இலையுதிர் காலம் பிறந்துவிட்டது; மார்லீன் ஒரு துணிப்பையை அவர் பக்கத்தில் போட்டாள். உள்ளே பழுப்பு அங்கியும், சின்னஞ்சிறு பித்தான்களும்.

"ஒத்தைக் கையால எனக்குப் போட வராது," என்றாள். "இந்தக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீங்கதான் வந்து போடணும். பிரிச்ச பிறகும்தான்."

"வர்றேன். நடந்தே வர்றேன்."

டெல்பர்ட் புல்லில் மண்டியிட்டார். பித்தான் துளைகள் மிகச் சிறியவை. அவருடைய தடித்த விரல்களுக்கு அவை எளிதில் அகப்படவில்லை. முதல் பித்தானைப் போட்டு முடித்து அடுத்ததற்குப் போனார்.

"அது கோணல்," என்றாள் மார்லீன், அவருடைய பார்வைக்கு எட்டும்படி முன்னால் வந்து நின்று. "கழட்டுங்க. முதல்லேர்ந்து போடுங்க."

அவர் கழற்றினார்.