வெள்ளைக்காரன் கூரை வீடு

மத்திகிரியைத் தாண்டி, சிவராஜின் ராகிக் கொல்லைக்கு நடுவில், வெள்ளைக்காரக் குதிரை மருத்துவர் ஒருவர் கட்டிய வீடு இருந்தது. தேக்குச் சட்டங்களை நெடுக்கும் குறுக்குமாகப் பூட்டி, இடைவெளிகளில் மண் அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். மேலே புல் வேய்ந்த கூரை. பாரம் முழுவதையும் மரமே சுமந்தது, சுவர் பெயருக்குத்தான்.

இரண்டாயிரத்து ஆறில் பெங்களூர் கம்பெனி ஒன்று, வெளிநாட்டு விருந்தினர்களைத் தங்கவைக்க அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டது. அவர்களுடைய இன்ஜினியர் வினிதா வந்து பார்த்தார்.

"எதையும் மாத்தாதீங்க சார். ஒழுகற எடத்தை மட்டும் வேய்ஞ்சுடுங்க. தை மாசம் வந்து அக்ரிமென்ட் போட்டுக்கலாம்."

அந்த அக்ரிமென்ட்டைத்தான் சிவராஜ் மலைபோல் நம்பியிருந்தார். அக்கம்பக்கத்தார் நிலத்தை ஃபேக்டரிக்கு விற்றுக் காரில் போனார்கள். இவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். ஆனால் 'கூரை வீட்டுக்காரன்' என்ற பெயர் அதைவிட உறுத்தியது.

"தொரைங்க வந்து எறங்கற வூடு. புல்லுக் கூரையோட நின்னா நம்ம மானம் என்னாவறது?" என்றார் மேஸ்திரி ராமப்பனிடம்.

"கான்கிரீட் போட்டுர்லாங்க. சிமெண்ட்டுல தூணு செஞ்சி, பட்டை கீறி, பெயிண்ட் அடிச்சா நெஜ மரமே வெக்கப்படும்."

"உள்ள தேக்கு அப்பிடியே இருக்கட்டும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறன்."

தை பிறந்தது. வினிதா வந்தார். சிமெண்ட் தூணில் பட்டை இருந்தது, கணு இருந்தது, ஏறுகிற அணில்கூட இருந்தது. கான்கிரீட் கூரையின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட்டில் புல் வரைந்திருந்தது.

"என்ன சார் இது?"

"பலப்படுத்தியிருக்கறம்மா. உள்ள பழைய தேக்கு பத்திரமா இருக்குது. மேல சட்டை போட்டிருக்கறன், அவ்ளோதான்" என்றார் சிவராஜ்.

"காட்டுங்க."

பக்கத்தில் நின்ற ராமப்பனிடம் உளியை வாங்கி, சிவராஜே கொத்தினார். அணிலின் தலை விழுந்தது. உள்ளே கம்பி. இன்னும் கொத்தினார். ஜல்லி.

"ராமப்பா, தேக்கு எங்க?"

"கரையான் வந்துரும்னு அறுத்துட்டங்க. பால் காய்ச்சன அன்னிக்கி ஊருக்கே சாம்பார் கொதிச்சுதே, அதுலதான் போச்சி. வெறகு நல்லா எரியுதுன்னு நீங்ககூடச் சொன்னீங்க."

சிவராஜின் மனைவி ரேவதி வாசலிலிருந்து சொன்னாள்: "எரியாம? வெள்ளைக்காரன் அத்தன வருசம் காயவெச்ச வெறகு. எந்த ஊருச் சாம்பாருக்குக் கெடைக்கும்?"

வினிதா அக்ரிமென்ட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

மறுவாரம் வீட்டை நாலாகத் தடுத்து, 'வாடகைக்கு' என்று எழுதிப் போட்டார் சிவராஜ். முதலில் வந்தவர் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ரத்தினவேல்.

"வெள்ளைக்காரன் கட்டுன வூடுங்க இது" என்றார் சிவராஜ், விடாமல்.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. தண்ணி எப்பம் வரும்?"