கடைசிப் பெஞ்சுக்குப் பிடித்து வைத்த இடம்

பேசச் சொன்னால் பேசாத பிள்ளைகளை என்னதான் செய்வது? கெஞ்சியாயிற்று, கொஞ்சியாயிற்று, மார்க் தருகிறேன் என்று ஆசையும் காட்டியாயிற்று. அது முழுக்க ஆன்லைனில் நடக்கும் பள்ளி. செய்முறைத் தேர்வுக்கு மட்டும்தான் பிள்ளைகள் நேரில் வருவார்கள். ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். உயிரியல் டீச்சர் கலந்துரையாடல் பக்கத்தில் கேள்வி போட்டால் ஈ காக்காய் எட்டிப் பார்க்காது. கூச்சம் போகட்டும் என்று பட்டப்பெயரில் எழுதச் சொன்னார். யார் எவர் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அப்படியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மத்தவங்க பக்கமெல்லாம் சந்தைக்கடை மாதிரி இருக்கு. உங்களுது மட்டும் ஏன் டீச்சர் இப்படி?" என்று தலைமையாசிரியர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக டீச்சர் செய்த காரியம் இருக்கிறதே, சொல்லவே நாக்கூசுகிறது.

படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போன ஒரு மாணவனின் ஆன்லைன் கணக்கு சும்மா கிடந்தது. அதற்குக் 'கடைசிப் பெஞ்சு' என்று பெயர் வைத்து, டீச்சரே மாணவனாக மாறி எழுதினார்: "சிறுநீரகம் ரெண்டு இருக்கே, ஒண்ணு லீவு போட்டா இன்னொண்ணு ஓவர்டைம் பார்க்குமா?"

அவ்வளவுதான். ஒருத்தி பதில் சொன்னாள், ஒருவன் மறுத்தான், இன்னொருவன் இரண்டு பேரையும் கலாய்த்தான். சாயங்காலத்துக்குள் நாற்பது பதில். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து தினமும் ஓர் அசட்டுக் கேள்வி. பிறகு டீச்சராக வந்து, "நல்ல கேள்வி, கடைசிப் பெஞ்சு" என்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்வார். வெட்கங்கெட்ட வேலைதான், ஆனால் பலித்தது. தலைமையாசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பாராட்டி, "இவங்ககிட்ட கத்துக்கோங்க" என்றார்.

அப்போதுதான் 'தொட்டாச்சிணுங்கி' எழுதினாள். இத்தனை மாதமாக மூச்சு விடாத பெண். கடைசிப் பெஞ்சுக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தாள்.

"நீ தப்புத்தப்பா கேட்டும் டீச்சர் உன்னைத் திட்டலை. நான் முதல் வாரம் இதயத்துக்கு மூணு அறைன்னு சொல்லிட்டேன். 'அது தவளைக்கு. நீ என்ன தவளையா?'ன்னு கேட்டாங்க. எல்லாரும் தவளைப் படமா போட்டுச் சிரிச்சாங்க. அதோட நான் மைக்கைத் தொடலை."

அப்படிச் சொன்னது டீச்சருக்கு ஞாபகமே இல்லை. போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முகம் சுட்டது. அப்போதாவது டீச்சராக வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டாரா? கடைசிப் பெஞ்சு பெயரிலேயே தட்டினார்: "டீச்சர் நல்லவங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்க. நீ தைரியமா பேசு, நான் இருக்கேன்."

நம்பிப் பேசினாள். மறுநாள் வகுப்பில், நடுங்கும் குரலில் இரண்டு வாக்கியம். அடுத்த வாரம் தினமும் கை தூக்கினாள்.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. ஆய்வகத்தின் கடைசிப் பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெண், பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் வந்து கேட்டாலும் "ஆள் வருது" என்றாள். மணி அடித்த பிறகும் கதவைத்தான் பார்த்தாள். தேர்வு முடிந்து எல்லோரும் போனபின் டீச்சரிடம் வந்தாள்.

"டீச்சர், கடைசிப் பெஞ்சு ஏன் வரலை? அவனுக்கு உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"அப்படி ஒருத்தன் இல்லைம்மா. எழுதினது நான்தான்."

அவள் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"டீச்சர் நல்லவங்கன்னு சொன்னதும் நீங்கதானா?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். கடைசிப் பெஞ்சு பெயரில் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு, தன் பெயரில் மன்னிப்புக் கேட்க ஒரு வார்த்தை வரவில்லை.

"சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.