மூன்றாம் முறை சுருக்கிய படம்

ஐந்தடி பத்தங்குலம் இருந்த குழந்தைவேலு, அந்தமான் ஜங்லிகாட்டில் சுகுணாவின் கம்ப்யூட்டர் கடையில், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு, ஒரு சாண் உயரமாகக் குறைந்துபோனார். கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வருவதற்கு இரண்டு வருடம் முந்தைய சமாச்சாரம் இது. அப்போதெல்லாம் ஒரு போட்டோவை மெயிலில் ஏற்றிவிட்டுப் போய்ச் சோறு தின்று வந்தாலும் அது பாதிக் கடலில்தான் நிற்கும். அதனால் சுகுணா எந்தப் படத்தையும் சுருக்கித்தான் அனுப்புவார். கம்ப்யூட்டரில் இடமில்லாததால், சுருக்கியதை ஒரிஜினல் மேலேயே சேமித்தும் விடுவார். ஒரே படத்தை மூன்று முறை சுருக்கினால் ஆளும் சுருங்குவார் என்பது அதுவரை தீவில் யாருக்கும் தெரியாது.

படம் போக வேண்டிய இடம் சிவகங்கை, பெண் வீடு. துறைமுக ஆபீஸ் கிளார்க் என்றதும் தலையாட்டி, அந்தமான் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடுகள் ஏழு. அவருக்கு முப்பத்தாறு வயது. எட்டாவதும் தட்டிப்போனால் மனுஷன் உடைந்தே போவார். நல்லவேளை, படம் போய்ச் சேர்ந்தது, பிடித்தும் விட்டது. பத்தாம் நாள் பெண்ணோடு வருகிறோம் என்று மாலைக்குள் பதில் வந்தபோது, மாப்பிள்ளை அதே நீலச் சட்டையில் கடை ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா இந்திராணி அவரைச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஷாதிபூர் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆட்டோக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்து, "தோ சவாரி" என்று ஹிந்தியில் கறாராக இரண்டு பேருக்கும் வாடகை கேட்டார். ஆபீசில் லீவு கேட்டதற்கு, பேனா பிடிக்க முடிகிற ஆளுக்கு லீவு எதற்கு என்றார்கள். ஒன்பதாம் நாள், மனசு கேட்காமல், சுகுணா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உயரம் மொத்தமும் திரும்பி வந்தது. ஆனால் ஆள் கலங்கிப்போயிருந்தார். மீசை எங்கே முடிகிறது, உதடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கிட்டே போனால் கட்டம் கட்டமாகத் தெரிந்தார். புதிதாக எடுத்த படமும் அப்படியே விழுந்தது. "அளவு வந்துடுச்சுக்கா, தெளிவுதான் வரல. ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணித் தொலைச்சுட்டேன்," என்று சுகுணா சொல்ல, இந்திராணி வாய்விட்டு அழுதார்.

மறுநாள் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பார்த்துத் தன் மூக்குக்கண்ணாடியை வேட்டியில் மூன்று தடவை துடைத்தார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார். மகள் விஜயலட்சுமி எழுந்திருக்கவில்லை. தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை நிதானமாகப் பார்த்தாள்.

"கண்ணாடி இல்லாட்டி எனக்கு நீங்ககூட இப்படித்தான்ப்பா தெரியுறீங்க. அதுக்காக உங்கள வேணாம்னு சொன்னேனா?" என்றாள். குழந்தைவேலு பக்கம் திரும்பி, "நானும் கண்ணாடியக் கழட்டிட்டுத்தாங்க உங்களுக்கு அனுப்புன போட்டோவ எடுத்துக்கிட்டேன்," என்றாள்.

"பரவாயில்லைங்க," என்றார் அவர், வாய் இருக்கக்கூடிய இடத்திலிருந்து.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கேபிள் வந்தபின் எவ்வளவு பெரிய படமும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. சுகுணா இப்போது எதையும் சுருக்குவதில்லை. குழந்தைவேலு இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறார். ஷாதிபூர்க்காரர்கள் அவரிடம் நாலடி தள்ளி நின்று பேசுகிறார்கள், அங்கிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறார். விஜயலட்சுமி மட்டும் கிட்டே வந்து பேசுகிறாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.