துருவேறிய தோல்

திருப்பத் திருப்ப நீலமாகிறது, ரோஜா நிறமாகிறது, மஞ்சளாகிறது, பிறகு இருண்டுவிடுகிறது, நுண்ணோக்கிக்கு அடியில் இந்தப் பச்சைக் கல்லின் கண்ணாடி போன்ற மெல்லிய சீவலுக்கு அதுதான் சுபாவம், சுற்றினால் ஒளிரும், அணையும், மறுபடி ஒளிரும், பூமியின் அடியாழத்தில் கிடந்த கல், எரிமலைக் குழம்பு அதை வாரிக்கொண்டு மேலே வந்து குஜராத்தில் கட்ச் பகுதியின் கருங்குன்றில் போட்டது, எனக்காகவே போட்டது என்கிற திமிர் எனக்கு இருந்தது, இதோ கண்ணுக்குள் அமலதாஸ் அந்தக் குன்றிலிருந்து இறங்கி வருகிறார், பதினெட்டு ஆண்டுகளாக என்னோடு கல் பொறுக்க வந்தவர், எச்சில் தொட்டுக் கல்லைத் தேய்க்கிறார், உள்ள பச்சை இருக்கும் சார், பாருங்க, பார்க்கிறேன், பார்த்தேன், துருவேறிய தோல்தான் தெரிந்தது, உடைத்துப் பார்க்காமல் எந்தக் கல்லையும் ஒதுக்காதே என்று முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவன் நான், சுத்தியல் அவர் இடுப்பிலேயே தொங்கியது, வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்கு எரிச்சல், இது மக்கிப்போச்சு தாஸ், மேல புதுசா ஒண்ணு பெயர்த்துட்டு வாங்க. மேல பாறை தொங்குது சார், காலையிலயே மண்ணு உதிர்ந்துச்சு என்றார், பார்த்து அடிங்க என்றேன், அவ்வளவுதான் சொன்னேன், மூன்று அடி கேட்டது, நான்காவது கேட்கவில்லை, குன்றின் ஒரு பக்கமே சரிந்து இறங்கியது.

அவராகவே ஏறினார், தடுத்தேன், கேட்கவில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தேன், அவர் மனைவி ரெஜினாவிடமும் அதையே சொன்னேன், சொன்ன பேச்சு கேக்கவே மாட்டாரு சார் என்று என் பொய்க்கு ரெஜினாவே முட்டுக்கொடுத்து அழுதார், ஒரு வருடம் நன்றாகத் தூங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, போன வாரம் அவருடைய பையைத் திறந்தேன், நான் ஒதுக்கிய கல், அவர் கையெழுத்தில் எண் போட்டு, துணியில் சுற்றி, வேண்டாம் என்றதை எதற்கு எடுத்து வைத்தார், அறுத்துச் சீவல் எடுத்துப் பார்த்தேன், தோல் ஒரு நகக்கனம்தான், உள்ளே முழுக்கப் பச்சை.

இன்று பையை வாங்கிப்போக ரெஜினா வந்திருக்கிறார், பார்க்கலாமா சார் என்று கேட்டு நுண்ணோக்கியில் குனிகிறார், மாதா கோயில் கலர் கண்ணாடி மாதிரி இருக்கு, இதுக்காகத்தான் ஏறினாரா. என் நாக்கு பழைய பொய்க்குத்தான் போனது, பிறகு சொன்னேன், இல்லம்மா, இது முதல்ல கொண்டுவந்தது, நல்ல கல்லுதான், நான்தான் உடைச்சுப் பார்க்காம வேண்டாம்னேன், நான்தான் திரும்ப ஏறச் சொன்னேன். ரெஜினா நிமிரவில்லை, அவர் விரல் நுண்ணோக்கியின் வட்டத் தட்டை மெல்லத் திருப்புகிறது, நீலம், ரோஜா, மஞ்சள், இருட்டாயிடுச்சு சார் என்கிறார், இன்னும் கொஞ்சம் திருப்பினால் வெளிச்சம் வந்துவிடும், ரெஜினா விரலை எடுத்துவிட்டார், இருட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.