ஒழுகாத பம்பு

என் வீட்டுக்காரர் சீனிவாசலுவுக்கு எங்கே தண்ணீர் சொட்டினாலும் பொறுக்காது. கணபதி என்கிற பகுதியில் பம்பு செட் கம்பெனி வைத்திருப்பவர். கல்யாண வீட்டில்கூடக் கை கழுவும் குழாயை இறுக்கித் திருகிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். அப்படிப்பட்டவர் கண்ணில்தான் எங்கள் மகள் ஹரிதா செய்த கைப்பம்பு பட்டது.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அவளே செய்தது. பிளாஸ்டிக் குழாய், வால்வுக்குக் கோலிக்குண்டு, பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒரு வாஷர். முதலில் தண்ணீர் ஏறவே இல்லை. வாஷரைப் பெரிதாக வெட்டினாள், குழாய்க்குள் மாட்டிக்கொண்டது. ஓரத்தைத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினாள். ஒருவழியாகத் தண்ணீர் மேலே வந்தபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இணைப்பில் கொஞ்சம் ஒழுகியது, அவ்வளவுதான்.

"பம்பு கம்பெனிக்காரன் புள்ள ஒழுகற பம்பைக் கொண்டுபோனா ஊரு சிரிக்காதா?" என்றார் அவர்.

"ஏனுங்க, அவ அஞ்சாவதுதானுங்க படிக்கறா. பேசாம உடுங்க," என்றேன்.

என் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறார்? பம்பைக் கம்பெனிக்கு எடுத்துப் போய்விட்டார். கண்காட்சியன்று காலையில் பித்தளையில் தகதகவென்று ஒன்று வந்து இறங்கியது. சொட்டுகூட ஒழுகவில்லை. ஹரிதாவின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அதற்குள் ஸ்கூல் வேன் வந்துவிட்டது.

முதல் பரிசு அந்தப் பித்தளைப் பம்புக்குத்தான். மேடையில் ஹரிதாவின் பெயரைக் கூப்பிட்டதும் இவர் படமெடுக்கப் போனோடு எழுந்தார். அவள் எழவில்லை. ஆசிரியை மைக்கோடு கிட்டே வந்து அழைத்தபோது சொன்னாள்:

"அதை எங்கப்பாதானுங்க மிஸ் செஞ்சாரு. அவரையே கூப்புடுங்க."

குறும்பெல்லாம் இல்லை; உள்ளதைச் சொன்னாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. இவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

திரும்பும்போது, கார் அவினாசி ரோட்டுக்கு வந்தபிறகு அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"உன்ற பம்பை ஸ்கிராப்போட வீசிப்போட்டேன் கண்ணு. தப்புத்தான். நாம வேற ஒண்ணு செய்யலாம்."

"நாம வேண்டாங்கப்பா. நான் செய்யறேன்."

"ஒழுகுனா?"

"ஒழுகுனா நானே அடைச்சுக்கறேன். நீங்க தொடாம இருந்தாப் போதுங்க."

எனக்குப் பெருமை தாங்காமல் கண் கலங்கிவிட்டது.