கை பொறுக்கும் சூடு

ரொட்டி இயந்திரத்தில் மாவு பிசையும் துடுப்பு எந்தப் பக்கமாகப் பொருந்தும் என்று தெரியாமல் எதெல்மிரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் அளவுதான் இருந்தது. இயந்திரப் பாத்திரத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த தண்டில் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

"என்னத்த உடைச்ச?" படுக்கையறையிலிருந்து கணவர் செஃபெரினோவின் குரல் வந்தது.

"உடைக்கல. மாட்டினேன்."

"ஒரு வாரமா பெட்டியிலயே கெடந்துச்சு. இன்னைக்கு என்ன அவசரம்?"

"ரொட்டி இல்ல. அதான் அவசரம்."

ரொட்டிக் கடை மலைக்குக் கீழே, துறைமுகச் சாலையில் இருந்தது. போன மாதம் ஒருநாள் அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறி வந்தபோது, அவர் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் கிடந்தார். அடி ஒன்றுமில்லை. அன்றிரவு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கப்பல் பட்டறையில் காலமெல்லாம் வெல்டிங் பிடித்த கை. பிடியில் வலுவே இல்லை.

"உசுரு போறப்ப என்னத் தனியா விட்டுடாத, கிழவி. நீ இந்த அறையில இருக்கணும்."

"இருப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை. பக்கத்து வீட்டு யாஸ்னா மீன் ஆலையில் வேலை முடிந்து வரும்போது சில நாள் வாங்கி வந்தாள். மற்ற நாள் இல்லை. சாயங்காலத் தேநீருக்கு ரொட்டி இல்லாத வீட்டை அந்த மலையில் யாரும் வீடு என்று சொல்வதில்லை. இதைக் கேள்விப்பட்டுத்தான் வடக்கே செம்புச் சுரங்கத்தில் இருந்த மகன் எலீசியோ இயந்திரத்தை அனுப்பினான். மாவைப் போடு, பொத்தானை அமுக்கு, அப்பா பக்கத்துல போய் உட்காரு, மிச்சத்த அது பாத்துக்கும் என்றான்.

எதெல்மிரா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். உப்பைப் போட்டாள். அவள் பிறந்த குளிர் மிகுந்த தெற்குச் சீமையில் சமையலறையே ஐஸ் மாதிரி இருக்கும். மாவு ஜில்லென்றிருக்கும், மரத்தொட்டி அதைவிட. உப்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் பிசையும்போது விரல் மரத்துப்போகாது. ரொட்டி என்றால் அப்படித்தான். தண்ணீர் கொதித்ததும் இயந்திரப் பாத்திரத்தில் ஊற்றினாள். பன்றிக்கொழுப்பை உருக்கி ஊற்றினாள். மாவை உப்பவைக்கும் ஈஸ்டைத் தூவினாள். மேலே மாவைக் கொட்டி மூடினாள். பொத்தானை அமுக்கினாள்.

போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

இயந்திரம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு தடதடவென்று ஆரம்பித்தது. மேசை ஆடும் சத்தம் கேட்டது.

"கப்பல் ஏதும் கரை தட்டிருச்சா?"

"பேசாத. மூச்சு வாங்குது பாரு."

"வாங்கட்டும். விக்கவா முடியும்?"

பஞ்சைத் தேநீரில் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். நேற்றிலிருந்து எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. தேநீர் வாயோரமாக வழிந்தது. துடைத்தாள். அவருடைய மூச்சில் ஒரு விசில் இருந்தது. இரவெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவாள். இப்போது தடதடப்பில் அது சரியாகக் கேட்கவில்லை. குனிந்து கேட்டாள். இருந்தது.

பிறகு தடதடப்பு நின்றது. வெகுநேரம் கழித்து, சுடத் தொடங்கும் முன், சமையலறையிலிருந்து பீப், பீப் என்று கூப்பிட்டது.

"போ. புதுப் புருஷன் கூப்பிடறான்."

"கூப்பிட்டுக்கட்டும்."

"போய்ப் பாரு, கிழவி. மொத நாளே கோவிச்சுக்கப் போறான்."

அவர் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அவள் எழுந்து போனாள்.

மூடியைத் திறந்தாள். பிசைந்த மாவு அடியிலேயே கிடந்தது. துளியும் உப்பவில்லை. விரலால் குத்தினாள். ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் அப்பும் மக்குப்பசை மாதிரி இருந்தது. குத்திய குழி மூடவில்லை. கைபேசி அடித்தது. எலீசியோ.

"என்னம்மா, எப்படிப் போவுது?"

"எந்திரிக்கவே மாட்டேங்குதுடா. உன் மெஷினுக்கு ஒண்ணும் தெரியல."

"தண்ணி எப்படி ஊத்துன?"

"உப்புப் போட்டு, கொதிக்க வச்சு."

"கொதிக்க வச்சா?"

"பின்ன? ரொட்டிக்கு வேற எப்படி ஊத்துவாங்க?"

"ஐயோ அம்மா! ஈஸ்டை உயிரோட அவிச்சுட்டியே! கை பொறுக்கற சூடுன்னு சொன்னேன்ல?"

"என் கை பொறுக்குமே."

அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னான். சுரங்கத்துச் சாப்பாட்டுக் கூடமே சிரிப்பது கேட்டது. "சூப் வச்சிருக்காங்க எங்கம்மா" என்றான். மறுபடி சிரிப்பு. எதெல்மிராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"அப்பாகிட்ட குடும்மா. நான் சொல்றேன், அவரும் சிரிக்கட்டும்."

கைபேசியை எடுத்துக்கொண்டு நடந்தாள். "கேட்டியா, உன் பையன் என்ன சொல்றான்னு" என்றபடி உள்ளே வந்தாள்.

அறையில் விசில் இல்லை.

அவர் தலை சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. ஒரு கை போர்வைக்கு வெளியே வந்து கட்டில் விளிம்பில் இருந்தது. அவள் மூக்கருகே உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"அம்மா?"

"தூங்கறாருடா."

"சரி, எழுப்பாத. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சதும் பஸ் ஏறிடுவேன். அதுவரைக்கும் தாங்குவாருல்ல?"

"நீ சாப்பிட்டியா?"

"இப்பத்தான். நீ?"

"ம்."

"நல்லவேளை அந்த மெஷின அனுப்பினேன். நீ பக்கத்துலயே இருக்கேன்னு எனக்கு நிம்மதியா இருக்கும்மா."

"வைக்கிறேன்டா" என்றாள்.

நாற்காலி கட்டிலின் மறுபக்கம் இருந்தது. அதைத் தூக்கி வந்து கதவுப் பக்கமாக, அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்தபோது வாசல் கதவு தட்டப்பட்டது. யாஸ்னா. காலணியிலிருந்து மீன் வாடை அடித்தது. கையில் காகிதப் பை.

"அக்கா, கடைசி ஈடு. அடிச்சுப் புடிச்சு வாங்கினேன். சூடு ஆறல பாரு. மேலோட்ட நீ தின்னு, உள்ள மெத்துன்னு இருக்கறத பெரியவருக்கு டீயில நனைச்சுக் குடு."

"சரி."

"எப்படி இருக்காரு?"

"வலியில்ல இப்ப."

"கடவுளுக்கு நன்றி. மெஷினு ஓடிச்சா?"

"ஓடிச்சு."

யாஸ்னா போனாள். எதெல்மிரா பையோடு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்றுக் காலைக்குப் பிறகு அவளும் எதுவும் சாப்பிடவில்லை. ரொட்டியை அதன் நடுவே ஓடிய பிளவில் இரண்டாகப் பிய்த்தாள். மேலோடு நொறுங்கும் சத்தம் அறையில் பெரிதாகக் கேட்டது. வெண்ணெய் எடுக்க எழுந்திருக்கவில்லை. ஒரு பாதியைத் தின்றாள். மென்று முடித்து, மற்றப் பாதியையும் தின்றாள். அவர் போர்வையில் துணுக்குகள் சிதறியிருந்தன. விரல்நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.