மூன்று பேரும் ஒப்பித்த பதில்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவள் வீட்டுக்குப் படையெடுப்புதான். கணவருடன் பட்டாளத்தில் இருந்த மூன்று பேர், ஓய்வு பெற்ற பிறகும், ஆளுக்கொரு திசையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். ஒருவர் டிரைவர். ஒருவர் சமையல்காரர். மூன்றாமவர் வயர்லெஸ் பார்த்தவர். வாய் ஓயாது என்பதால் அவருக்கு ரேடியோ என்றே பெயர். ஒரு ஆணி அடிக்கவும் மூன்று பேர் வேண்டும் அவர்களுக்கு. ஒருவர் பிடிக்க, ஒருவர் அடிக்க, ரேடியோ உத்தரவு போட. கேலி இருக்கட்டும், கணவர் போன இந்த இரண்டு வருடத்தில் குழாய் ஒழுகவில்லை, மகளின் படிப்பு நிற்கவில்லை. சொந்தக்காரர்கள்கூட எட்டிப் பார்க்காத வீடு இது.

ஆனாலும் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் எப்படிப் போனார் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. "தூக்கத்துலயே போயிட்டாரு அண்ணி. ராத்திரி அவர் படுத்திருந்த பக்கமா மண்ணு சரிஞ்சுடுச்சு. நாங்க மூணு பேரும் கூடவே இருந்தோம். வலியே தெரியல."

ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பார்களே, அப்படி. அவளோ சலவைக் கடையில் வருடக்கணக்காகத் துணி வாங்கி வைப்பவள். கறை எப்படிப் பட்டது என்று கேட்டால் உண்மை சொல்கிறவன் தடுமாறுவான், கதை விடுகிறவன் மளமளவென்று சொல்வான் என்பது அவளுக்கு அத்துப்படி.

இவர்கள் எதையோ பூசி மெழுகுகிறார்கள். எதை? துடித்தாரா? தண்ணீர் கேட்டாரா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்தபின் இறங்குமா என்ற பயமும் இருந்தது. பயத்தைவிடத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

பட்டாளத்துக்காரர்களை மடக்க வேண்டுமென்றால் முதலில் பிரிக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைத் தோழி வீட்டுக்கு அனுப்பினாள். ரேடியோவைக் கூரைத் தகடு பார்க்க ஏணியில் ஏற்றினாள். சமையல்காரரை அடைத்துக்கொண்ட சமையலறைச் சாக்கடையிடம் ஒப்படைத்தாள். டிரைவருக்குப் பின்கதவின் தாழ்ப்பாள். மூன்று பேருக்கும் அவள் வைத்திருந்தது ஒரே கேள்வி.

"தம்பி, அன்னிக்கு ராத்திரி அவர் குறட்டை விட்டாரா?"

சமையல்காரர் சாக்கடைக்குள் விட்ட கையை எடுக்காமலே திரும்பினார். "குறட்டையா? இல்ல அண்ணி. பச்சப் புள்ள மாதிரி தூங்கினாரு."

அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்த மனுஷன் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். குறட்டை இல்லாத தூக்கம் அவர் தூங்கியதே இல்லை.

ஏணியடியில் போய் நின்று கேட்டாள். "விடாமயா!" என்றார் மேலிருந்து ரேடியோ. "கூடாரமே ஆடிச்சு அண்ணி. எங்களுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல."

பின்கதவுக்குப் போய் டிரைவரிடமும் அதையே கேட்டாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். வாசற்படியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க யாரும் கூட இல்ல அண்ணி," என்றார். "அது ராத்திரியும் இல்ல, சாயங்காலம். மலை மேல ஒரு காவல் கொட்டகை. அன்னிக்கு என் முறை. எனக்குக் காய்ச்சல்னு அண்ணன் ஏறினாரு. மண்ணு சரிஞ்சப்ப நாங்க கீழ இருந்தோம். தோண்டி எடுக்க ராத்திரி ஆயிடுச்சு. தன்னந்தனியா போயிட்டாரு. அத எப்படி உங்ககிட்ட சொல்றது?"

பேச்சுக் கேட்டு மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். குட்டு உடைந்தது அவர்களுக்குப் புரிந்தது.

"யோவ், குறட்டை விட்டாருன்னா சொன்ன?" என்றார் சமையல்காரர்.

"நீ விடலன்னா சொன்ன?" ரேடியோ தலையில் அடித்துக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டுல சேரும்போதெல்லாம் ஒத்திகை பாத்தோமே, குறட்டைய விட்டுட்டோமே!"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் மனம் வேறொரு சொல்லில் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம்னா? இருட்டறதுக்கு முன்னாலயா?"

"நல்ல வெளிச்சம் இருந்துச்சு அண்ணி," என்றார் சமையல்காரர். "அப்பதான் டீக்குத் தண்ணி வெச்சேன்."

டிரைவரின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அவர் தனியா இல்ல," என்றாள். "என்கூடப் பேசிக்கிட்டிருந்தாரு."

மூன்று பேரும் முழித்தார்கள்.

"மேல போனாத்தான் சிக்னல் கெடைக்கும்னு சொல்வாரு. அன்னிக்கு சாயங்காலம் கடைக்குப் போன் பண்ணினாரு. பேசிக்கிட்டிருக்கும்போதே கட்டாயிடுச்சு. சிக்னல் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சாப்பிட்டிருப்பாரு, படுத்திருப்பாருன்னு நெனச்சேன். ராத்திரினு நீங்க சொல்லிட்டீங்களே."

டிரைவர்தான் கேட்டார்: "கடைசியா என்ன சொன்னாரு அண்ணி?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சுக்கிட்டிருந்தாரு. நான்தான் கடையில நடந்ததச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"என்ன நடந்துச்சு?"

சொன்னாள். குண்டாக ஒரு ஆள் துவைத்த கால்சட்டையை வாங்கி, திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தான். துணியைச் சுருக்கிவிட்டீர்கள், நஷ்ட ஈடு கொடுங்கள் என்று கத்தினான். முதலாளி ஓடி வந்தார். கால்சட்டையோ முழங்காலுக்கு மேல் ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. திரைக்கு வெளியே தலை மட்டும் சண்டை போட்டது.

"இதுவரைக்கும்தான் கேட்டாரு," என்றாள். "சிரிப்ப அடக்க முடியாம 'அப்புறம், அப்புறம்'னாரு. அதோட லைன் போச்சு."

சமையல்காரர் சாக்கடைக் கையைத் துடைக்க மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்புறம் என்ன அண்ணி ஆச்சு?"

இந்த இரண்டு வருடத்தில் மீதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்புறம் அவன் பொண்டாட்டி மூச்சு வாங்க ஓடி வந்தா. 'ஏங்க, அது நம்ம பையனோடது. உங்களுது வீட்டுல அலமாரியில தொங்குது'ன்னா."

முதலில் ரேடியோதான் வெடித்தார். சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், கண்ணைத் துடைக்கவும் இல்லை. அவர்கள் சிரித்து ஓயும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைச் சொல்லத்தான் அன்னிக்கு அவருக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன்," என்றாள்.